தீவனம் கலக்கும் பன்னிரண்டு நிமிடம்

மோகனூர் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குணசீலனுக்கு முப்பத்தெட்டாவது வயதில் கிட்டார் ஆசை வந்தது. வந்தது ஆசை மட்டும்தான், வாசிப்பு வரவில்லை. ஆனால் வாசிப்பு வருவதற்கு வேண்டிய சாமான்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கிட்டார், அதை நிறுத்த ஸ்டாண்டு, சுருதி பார்க்கும் கருவி, கால் வைக்கக் குட்டி முக்காலி, பயிற்சி அட்டவணை எழுத நாலு நிறத்தில் பேனா. ஐந்து மணிக்கு விரல் பயிற்சி, ஐந்தரைக்கு மூன்று நாலு கம்பியைச் சேர்த்து அழுத்தும் கார்டு, ஆறுக்குத் தாளம் என்று அட்டவணை பார்க்க லட்சணமாக இருந்தது. அதற்கு அடிக்கோடு போட்டு முடிக்கவே ஒரு ஞாயிறு போனது. அன்று வாசிக்க நேரமில்லை.

ஊக்கம் குறையாமல் பயிற்சி செய்வது எப்படி என்று யூடியூபில் வீடியோ பார்த்தான். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் பார்த்தான். நேரத்தை வீணாக்காதே என்பதுதான் எல்லா வீடியோவிலும் சாரம். ஊர் அறியச் செய்தால் பாதியில் விட முடியாது என்று ஒருவர் சொல்லவும், கிட்டாரோடு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'நாள் 1' என்று போட்டான். நாலாம் நாள் கோழிகளுக்குத் தடுப்பூசி. ஆறாம் நாள் விரல் நுனியில் கொப்புளம். அடுத்த வாரம் மறுபடி 'நாள் 1'. இப்படிப் பதினோரு முறை.

"ஏனுங்க மாமா, உங்க காலண்டர்ல ஒண்ணாந்தேதி மட்டுந்தான் அச்சடிச்சிருக்குதுங்களா?" என்றாள் மனைவி சத்யபிரியா. அவள் பள்ளிக்கூட ஆசிரியை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள்.

வீட்டில் கூச்சமாக இருக்கிறதென்று பண்ணைக் கொட்டகையில் கிட்டாரோடு உட்கார்ந்து பார்த்தான். பன்னிரண்டாயிரம் கோழிகளும் கூண்டுக்கு வெளியே கழுத்தை நீட்டின. எழுந்து போக வழியில்லாத ரசிகர்கள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே ஒரு இழுப்பு இழுத்தான். கொட்டகை முழுக்க இறக்கை அடித்தது. பண்ணையில் வேலை பார்க்கும் பெருமாயி ஓடி வந்தாள்.

"சாமி, கோழி மெரளுதுங்க. நாளைக்கு முட்ட கொறஞ்சா உங்கப்பா என்னையத்தான் கேப்பாருங்க."

ஆனால் ஸ்டேட்டஸ் தன் வேலையைச் செய்திருந்தது. சித்தி மகள் தனப்பிரியாவின் கல்யாண வரவேற்பன்று மாலை அவளே போன் செய்தாள். "அண்ணா, ஆர்கெஸ்ட்ரா கிட்டார்காரருக்குக் காய்ச்சலாம். நீங்கதான் வாசிப்பீங்கள்ல, எடுத்துட்டு வாங்கண்ணா."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "இதோ வாரேன்" என்று வந்தது.

ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவள் சேந்தமங்கலத்துச் சித்ரா. கீபோர்டும் அவளே. "எத்தன கார்டு வருங்கண்ணா?" என்று கேட்டாள்.

"எல்லாமே ஓரளவுக்கு வருங்க."

"ஓரளவுன்னா?"

"மூணுங்க."

முதல் பாட்டில் எல்லோரும் முடித்த பிறகும் இவன் வாசித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது பாட்டிலிருந்து என்ன மாயமோ, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணை மூடினான், தலையை ஆட்டினான். சொந்தக்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பெரியப்பா மேடையேறிச் சால்வையே போர்த்திவிட்டார்.

கச்சேரி முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்த சித்ராவிடம் போனான். "ரெண்டாவது பாட்டுல இருந்து நல்லா சேந்துக்கிச்சு, இல்லீங்களா?"

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. ரெண்டாவது பாட்டுல இருந்து உங்க ஒயரை நான் கழட்டிட்டனுங்க."

குணசீலனுக்குக் காது மடல் சுட்டது. "அப்ப நான் கண்ண மூடி ரசிச்சேனே, அது?"

"அது என்ற கீபோர்டுங்க."

அழுவதா சிரிப்பதா என்று ஒரு நொடி தடுமாறினான். பிறகு சிரிப்பு முந்திக்கொண்டது. சால்வை நழுவி விழும் வரை சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, "கை பரவால்லீங்கண்ணா, தாளந்தான் ஓடிப்போகுது. ரெண்டே கார்டு, ஒரே தாளம், தெனமும் கொஞ்ச நேரம் வாசிங்க. யாருக்கும் காட்டாதீங்க" என்றாள்.

மறுநாள் அட்டவணையைக் கிழித்துப் போட்டான். ஐந்து மணிக்கு எழுவோம் என்று தன்னையே நம்பி ஏமாந்தது போதும் என்று தோன்றியது. எது நடந்தாலும் தான் தவறவிடாத வேலை ஒன்று உண்டா என்று யோசித்தான். கோழிக்குத் தீவனம். தினமும் காலையில் மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் கருவாட்டுத் தூளையும் மிஷினில் கொட்டினால் கலந்து முடியப் பன்னிரண்டு நிமிடம். பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதுவரை அந்த நேரத்தில் செல்போனைத்தான் தடவிக்கொண்டிருந்தான். தீவன அறைச் சுவரில் ஓர் ஆணி அடித்துக் கிட்டாரை மாட்டினான்.

மிஷின் தடதடவென்று ஒரே சீராக ஓடும். அதற்கேற்ப இரண்டு கார்டு மாற்றி மாற்றி வாசித்தான். அந்தச் சத்தத்தில் அவன் வாசிப்பு கோழிக்கும் கேட்காது, அவனுக்கும் கேட்காது. அது ஒரு விதத்தில் நிம்மதியாகவே இருந்தது. மனசில்லாத நாட்களிலும் மிஷின் ஓடத்தான் செய்தது. சும்மா நிற்பானேன் என்று கிட்டாரை எடுத்தான். ஸ்டேட்டஸ் நின்றுவிட்டது. "விட்டுட்டீங்களா மாமா?" என்று சத்யபிரியா கேட்டபோது, "ஆமா" என்றான். சட்டையில் கருவாட்டு வாசனையோடு கிட்டார் பற்றிப் பேச அவனுக்கு வாய் வரவில்லை.

எட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் காலையில் பெருமாயி கதவைத் தள்ளித் தலையை நீட்டினாள்.

"கரண்டு போயிருச்சுங்க சாமி. அட, இதென்ன, பாட்டாட்டமே இருக்குதுங்க?"

அப்போதுதான் கவனித்தான். மிஷின் நின்றிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை. கை மட்டும் அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. பெருமாயி சாக்கு மூட்டையில் சாய்ந்து நின்று கேட்டாள். அவன் நிறுத்தவில்லை. கரண்டு வந்த பிறகு பாதியில் நின்ற தீவனத்தை மறுபடி கலக்க வேண்டியிருந்தது. கோழிகளுக்கு அன்று அரைமணி நேரம் தாமதமாகத்தான் சாப்பாடு.

அந்த வாரமே சித்ராவிடம் போய் வாசித்துக் காட்டினான். இப்போது காதுகுத்து, வளைகாப்பு மாதிரி சின்ன விசேஷங்களுக்குச் சித்ரா அவனைக் கூப்பிடுகிறாள். அவனுக்குத் தெரிந்த மூன்று பாட்டுக்கு மட்டும். நாலாவது பாட்டு தொடங்கியதும் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு, பந்தியில் ரசம் ஊற்றப் போய்விடுகிறான்.