விற்க முடியாதவரும் வாங்க முடியாதவளும்

பிட்காயின் வாங்கிப் பெரிய பணக்காரி ஆகிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்ததில்லை. என் பெயரில் ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அந்த எண்ணம் அம்மாவிடமிருந்து வந்தது. நான் திருச்சியில் பிறந்தவள். ஒன்பது வயதில் பெற்றோரோடு அமெரிக்காவுக்குப் போனேன். ஹூஸ்டனில் வளர்ந்தேன். அப்பா ஒரு நாள் அலுவலகத்தில் மயங்கி விழுந்து இறந்துபோனபோது, வீடு, கார், சேமிப்பு எல்லாம் அவர் பெயரில் இருந்தன. அம்மா மாதக்கணக்கில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, முகம் தெரியாத யார் யாரிடமோ தன் கணவர் இறந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் அழைப்பை முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ எங்க இருந்தாலும் சரி, உன் பேர்ல ஏதாவது வச்சுக்கடி," என்றார்.

பிறகு எனக்குத் திருமணமானது. கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு நார்வே வந்தவர். ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஓஸ்லோவின் ஹொல்ம்லியா பகுதியில் வீடு. நானும் அங்கே வந்து, பெரியவர்களுக்கான பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். சம்பளம் வரத் தொடங்கியதும், சக ஆசிரியர்கள் செய்வதைப்போல மாதாமாதம் ஒரு முதலீட்டு நிதியில் சேமிக்கலாம் என்று வங்கிக்குப் போனேன். வங்கியில் இருந்த பெண் சிரித்த முகத்தோடுதான் பேசினாள். என் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சிரிப்பு மாறவில்லை, பதில் மட்டும் மாறிவிட்டது. அமெரிக்கக் குடிமக்களுக்கு அந்தக் கணக்கைத் திறப்பதில்லையாம். உலகில் எங்கே இருந்தாலும் அமெரிக்கர்களின் கணக்கு விவரங்களை அவர்கள் நாட்டு வரித்துறைக்கு அனுப்ப வேண்டும், அந்தத் தலைவலி தங்களுக்கு வேண்டாம் என்பதை அவள் மிக நாகரிகமான வார்த்தைகளில் சொன்னாள்.

அதே குளிர்காலத்தில், ஹூஸ்டனில் நான் கணக்கு வைத்திருந்த முதலீட்டு நிறுவனமும் எழுதியது. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இனிச் சேவை இல்லை. அமெரிக்காவில் இல்லாததால் அங்கே முடியாது. அமெரிக்கர் என்பதால் இங்கே முடியாது.

பள்ளி ஓய்வறையில் இதைச் சொல்லிப் புலம்பியபோது, கணித ஆசிரியர் காபியைக் கலக்கியபடியே சொன்னார்: "பிட்காயின் வாங்குங்கள். அதற்கு நாடு கிடையாது. பாஸ்போர்ட் கேட்காது."

நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னது தவறு. என் வாழ்க்கையில் எந்தக் கடையும் பிட்காயின் விற்கும் இணையச் சந்தைகளைப்போல என் பாஸ்போர்ட்டைக் கேட்டதில்லை. முதலில் ஓர் அமெரிக்கச் சந்தையில் பதிவு செய்தேன். எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்று கேட்டது. கொடுத்த பட்டியலில் ஐம்பது மாநிலங்களும் இருந்தன, நார்வே இல்லை. அடுத்து ஓர் ஐரோப்பியச் சந்தை. முகத்தை இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு என்று சொல்லிப் படமெடுத்துக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு, "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?" என்று ஒரு கேள்வி. ஆம் என்று அழுத்தினேன். மன்னிக்கவும் என்று திரை வெளுத்துப்போனது. மூன்றாவது இடத்தில் இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டார்கள். அந்த மரியாதைக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"நம்ம வீட்டு அட்ரஸப் போட்டுக்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"பொய்யில்லையாம்மா அது?"

"நீ பொறந்து வளந்த வீடு மாதிரிதானே?"

"பொறக்கலம்மா. வளந்தேன்."

அம்மா சிரித்தார். ஆனால் என்னால் அதைச் செய்ய முடியவில்லை. நேர்மை ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். நார்வேயில் வாழும் அமெரிக்கர்களின் இணையக் குழு ஒன்றில் நானும் இருந்தேன். அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுத்த ஒருவர், கணக்கு முடக்கப்பட்டு, உள்ளே இருந்ததை எடுக்க முடியாமல் தவித்ததை அங்கே எழுதியிருந்தார்.

அன்று மாலை சமையலறையில் கணவர் சொன்னார்: "என்ரை பேரிலை வாங்குவம். எனக்கு உந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லைத்தானே. ஐஞ்சு நிமிசம்."

"உங்க பேர்ல வேணாம்."

"ஏன், என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் நான் சிரிக்காததைக் கவனித்து, அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பி நின்றார். அம்மா தொலைபேசியோடு உட்கார்ந்திருந்த அந்த மாதங்களை முதல்முறையாக அவரிடம் முழுதாகச் சொன்னேன். திருமணமாகி நான்கு வருடமாகியும், அப்பா இறந்ததை மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னதில்லை.

கேட்டு முடித்ததும், "ஓம், விளங்குது," என்றார். "அப்ப உம்மடை பேரிலையே வாங்குவம். என்ன வழியெண்டு பாப்பம்."

இணையக் குழுவில் நான் ஒரு கேள்வி போட்டேன். எந்தச் சந்தை நம்மைச் சேர்த்துக்கொள்கிறது, யாருக்காவது தெரியுமா? பதில்களில் பாதி அனுதாபம், பாதி எச்சரிக்கை. ஒருவர் மட்டும் தனியாக எழுதினார். "எனக்கு உங்கள் பிரச்சினை தலைகீழாக இருக்கிறது. என்னிடம் கொஞ்சம் பிட்காயின் இருக்கிறது. விற்க முடியவில்லை. நான் ஓஸ்லோ பக்கத்தில் திராமன் ஊரில் இருக்கிறேன். காபி குடிக்கலாமா?"

கணவர் அந்தச் செய்தியை வாசித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "இது முழுக்கக் கள்ள வேலை மாதிரிக் கிடக்கு."

"பட்டப்பகல்ல, லைப்ரரி கஃபேல கூப்பிடுறாங்க."

"அப்பவும் நானும் வாறன்."

மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில் ரயிலேறித் திராமன் போனோம். ஆற்றில் இன்னும் பனிக்கட்டித் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. வழியெல்லாம் கணவர், எப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று பாடம் நடத்தினார். கண் சிமிட்டாத, தொப்பி போட்ட ஓர் இளைஞனை நாங்கள் இருவருமே எதிர்பார்த்திருந்தோம் என்று நினைக்கிறேன்.

ஜன்னலோர மேசையில் எழுபது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி இருந்தார். வெள்ளைத் தலை, கையால் பின்னிய நீல ஸ்வெட்டர். எங்களுக்கும் சேர்த்து இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கி வைத்திருந்தார். ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும் அவருடைய மின்னசோட்டா உச்சரிப்பு அப்படியே வந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் நார்வேயில் இருந்தும் அது போகவில்லை.

அவருடைய தாத்தா இந்த ஆற்றங்கரையிலிருந்துதான் அமெரிக்காவுக்குக் கப்பலேறினாராம். ஊரைப் பார்க்கலாமென்று வந்த பேத்தி, இங்கேயே ஒருவரைத் திருமணம் செய்து, பள்ளியில் இசை கற்பித்து ஓய்வுபெற்றிருந்தார். அவருடைய கணவர் போன வருடம் இறந்துவிட்டார். பல வருடங்களுக்கு முன்னால் தங்கை மகன் விளையாட்டாக வாங்கித் தந்த பிட்காயின் ஒரு சந்தையில் இருந்தது. அந்தச் சந்தை அமெரிக்கர்களின் கணக்குகளை மூடுவதாக அறிவித்ததும், அதைத் தன் கைபேசியில் உள்ள பணப்பைச் செயலிக்கு மாற்றிக்கொண்டார்.

"அன்றிலிருந்து இது என் பையிலேயே இருக்கிறது," என்று கைபேசியைத் தூக்கிக் காட்டினார். "பணமாக்க ஒரு சந்தை வேண்டும். எந்தச் சந்தையும் என்னைச் சேர்க்காது."

"ஏன் இப்போது விற்க வேண்டும்?" என்று கேட்டேன்.

அவர் ரொட்டியைப் பிய்த்தபடியே சொன்னார். "ஏப்ரலில் நான் அமெரிக்கக் குடியுரிமையை விடுகிறேன். தூதரகத்தில் நாள் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் நேராக்கி வைக்க விரும்புகிறேன்."

வாழ்த்துச் சொல்லும் விஷயமா, துக்கம் கேட்கும் விஷயமா என்றே புரியவில்லை.

அவரிடமிருந்து நானே நேரடியாக வாங்குவதற்காக, அதேபோன்ற செயலியை என் கைபேசியிலும் போட்டு வைத்திருந்தேன். வேலையைத் தொடங்கினோம். முதலில் சோதனைக்காக ஒரு துளி அனுப்பச் சொன்னேன். அவர் என் கைபேசியில் தெரிந்த சதுரக் குறியீட்டைப் படமெடுத்து அனுப்பினார். அது உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும். உலகின் எந்த மூலையிலோ உள்ள கணினிகள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தூதரகத்தில் கையை உயர்த்தி உறுதிமொழி சொல்ல வேண்டும்," என்றார் அவர் திடீரென்று. "உறுதிமொழிக்கு நான் பயப்படவில்லை. அந்த அதிகாரி நிச்சயமாகவா என்று கேட்பார். அப்போது அழுதுவிடுவேனோ என்றுதான் பயம். அழுதால், எனக்கு விருப்பமில்லை என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ?"

"உங்களுக்கு விருப்பமா?"

"வரி ஆலோசகருக்குக் கொடுப்பது, ஒவ்வொரு வருடமும் இரண்டு நாட்டுக்கும் விளக்கம் சொல்வது, கணவரின் வீட்டை விற்கும்போது நடந்த கூத்து... எனக்கு அலுத்துவிட்டது. அலுப்பு ஒரு காரணமாகுமா என்று தெரியவில்லை." பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் உறுதிமொழி எடுத்த நாள் நினைவிருக்கிறதா?" என்று கேட்டார்.

நான் எடுத்ததே இல்லை என்றேன். அம்மாவும் அப்பாவும்தான் ஒரு பெரிய மண்டபத்தில் கையை உயர்த்தினார்கள். நான் அன்று பள்ளியில் இருந்தேன். பதினெட்டு வயது ஆகாததால் எனக்குத் தானாகவே கிடைத்துவிட்டது. மாலை வீட்டுக்கு வந்தபோது மேசையில் கேக் இருந்தது. அவ்வளவுதான். அவரும் பிறந்ததனாலேயே அமெரிக்கர். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் அதைப் பெற்றிருந்தோம். விடுவதற்குத்தான் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

என் கணவர் நார்வே மொழியில் அவரிடம் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "நாங்கள் நோர்வே பாஸ்போர்ட் எடுக்கேக்கை இலங்கைக் குடியுரிமையை விடவேணும் எண்டது அந்த நேரத்துச் சட்டம். அப்பா ஒரு கையெழுத்து வைச்சார், முடிஞ்சுது. நிச்சயமோ எண்டு ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை. கேட்டிருந்தா அப்பா என்ன சொல்லியிருப்பாரெண்டு இப்பதான் யோசிக்கிறன்."

அந்தப் பெண்மணி அவரை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் புரியாது. ஆனால் நார்வே மொழியிலும் இதையேதான் சொல்லியிருக்க வேண்டும். கையை நீட்டிக் கணவரின் முழங்கையை ஒரு முறை தொட்டார்.

துளி வந்து சேர்ந்தது. மீதியையும் அனுப்பினார். நான் வங்கிச் செயலியில் அவருக்குப் பணம் அனுப்பினேன். யார் யாருக்கு எதற்காக என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். வரித்துறைக்குக் காட்ட வேண்டுமே. சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் இல்லை. ஆனாலும் ஏதோ கடத்தல் செய்தவர்களைப்போல மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமையே வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை அனுப்பிய தொகை எதற்காக என்று ஓர் இளைஞர் கேட்டார். பிட்காயின் வாங்கினேன் என்றேன். ஒழுங்கான சந்தையில் வாங்கியிருக்கலாமே என்றார். எந்தெந்த இடத்தில் முயன்றேன், ஒவ்வோர் இடத்திலும் என்ன சொன்னார்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். கடைசியில், உங்கள் வங்கியிலும்தான் நிதிக் கணக்குக் கேட்டேன் என்றேன். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "சரி, குறித்துக்கொள்கிறேன்," என்றார். குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. பாவம், அவர் என்ன செய்வார்.

ஏப்ரலில் அந்தப் பெண்மணி தூதரகத்துக்கு வந்தபோது நானும் போனேன். அவர் கேட்கவில்லை. நானாகவே வருகிறேன் என்றேன். உள்ளே அனுமதி இல்லை என்பதால் தெருவில் நின்றேன். வெயில் இருந்தும் குளிர் விடவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. வெளியே வந்தவரின் மூக்கு சிவந்திருந்தது.

"அழுதீர்களா?"

"அந்தப் பெண் அதிகாரி மிகவும் அன்பாகப் பேசினாள். என் மகள் வயதுதான் இருக்கும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். கொஞ்சம் கடுமையாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "ஆனால் சொல்லிவிட்டேன். முழுவதையும் தடுமாறாமல் சொன்னேன்."

பசிக்கிறது என்றார். ஹொல்ம்லியாவுக்கு அழைத்து வந்தேன். கணவர் இடியப்பமும் சொதியும் செய்து வைத்திருந்தார். அந்தப் பெண்மணி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மின்னசோட்டாவில் இருக்கும் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றார். கடைசியில் எங்கள் சோபாவிலேயே உட்கார்ந்து அழைத்துச் சொன்னார். தங்கை, கோடையில் வருவாய்தானே என்று மட்டும் கேட்டாளாம்.

நான் வாங்கிய பிட்காயின் அந்த வருடம் இறங்கியது, பிறகு ஏறியது, மறுபடி இறங்கியது. முதலில் தினமும் பார்த்தேன். பிறகு வரிக் காலத்தில் மட்டும் பார்க்கிறேன், இரண்டு நாட்டுக்கும் சொல்ல வேண்டுமே. கைபேசி தொலைந்தாலும் பிட்காயினைத் திரும்ப எடுக்க உதவும் மீட்புச் சொற்களை எழுதி எங்கே வைத்திருக்கிறேன் என்று கணவருக்குக் காட்டியிருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் அவர் யாரிடமும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

தூதரகம் போய்வந்த அந்த மாலை, அந்தப் பெண்மணியை ரயிலேற்றிவிட்டு நிலையத்திலிருந்து மேடேறி வரும்போது கணவர் கேட்டார்: "நீரும் ஒருநாள் உப்பிடி விடுவீரோ?"

"அம்மா இருக்கிற வரைக்கும் இல்ல. அவசரம்னா, யார்கிட்டயும் விசா கேக்காம விமானம் ஏறணும்."

"அதுக்குப் பிறகு?"

அந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்பது நன்றாகத்தான் இருந்தது.

"தெரியல," என்றேன். "கேட்டுட்டே இருங்க."