மகளோடு இருபத்தாறு நாள்

போரில் சிப்பாய்களை ஏற்றிப்போன கப்பல் அது. போர் முடிந்ததும் அதன் சரக்குக் கிடங்குகளைப் பலகையால் தடுத்து, அறைக்கு எட்டுப் படுக்கை போட்டு, வேறு நாட்டில் குடியேறப் போகிறவர்களுக்கான பயணிகள் கப்பலாக மாற்றினார்கள். பலகை அடித்த தச்சர்களில் ஒருவர் அதிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆள் ஒல்லி, கப்பலில் அவருக்கு ‘உளி’ என்று பெயர். வருடத்துக்கு ஒரு மாதம்தான் வீடு.

மனைவி காய்ச்சலில் இறந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். ஆறு வயது மகளை மனைவியின் தங்கை வளர்த்தாள்.

அந்த மகள் இருபது வயதில், கல்யாணமான கையோடு, கணவனுடன் அதே கப்பலில் குடியேறக் கிளம்பினாள். பெண்களுக்குத் தனி அறை. அவள் படுக்கை ஆடுகிறது என்று சாக்குச் சொல்லி, உளி முதல் நாளே திருகாணியை முடுக்கப் போனார். பிறகு தினமும் மத்தியானம் இருவரும் மேல்தளத்தில் உட்கார்ந்தார்கள்.

“அம்மா போனப்ப கப்பல் எங்க இருந்துச்சு?” என்று ஒருநாள் கேட்டாள்.

“கரைக்குப் பக்கத்துல இல்லம்மா. தந்தி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

“நீங்க வந்துடுவீங்கன்னு வாசல்லயே உக்காந்திருந்தேன். சித்திதான் தூக்கிட்டுப் போய்ப் படுக்கவெச்சாங்க.”

“சாப்பிட்டியா?” என்றார்.

“இப்பதானப்பா சேர்ந்து சாப்பிட்டோம்” என்று சிரித்தாள்.

இருபத்தாறாம் நாள் துறைமுகம் வந்தது. “நீங்களும் இறங்கிடுங்களேன்” என்றாள் மகள்.

“அடுத்த நடைக்குப் பாப்போம்.”

அடுத்த நடை வரவே இல்லை. ஜனங்கள் விமானத்துக்கு மாறிவிட்டார்கள். முதலாளிகள் கப்பலை உல்லாசப் பயணத்துக்கு மாற்றினார்கள்; தான் அடித்த பலகைகளை உளியே பிடுங்கி, நடனக்கூடம் அமைத்தார். பயணிகள் இரண்டு வாரம் ஆடிப் பாடி இறங்கிப் போனார்கள். மகள் இறங்கிய துறைமுகம் மட்டும் வழியில் வரவில்லை. வந்துவிடுங்கள் என்று மகள் எழுதுவாள். அடுத்த வருடம் என்று இவர் பதில் போடுவார்.

பின்னர் கப்பல் ஓர் ஆற்று முகத்துவாரத்தில், அணை கட்டிய கூலியாட்களின் விடுதியாக நின்றது. கடைசியில் உடைக்கக் கொண்டுபோனார்கள். கூடவே போன கப்பல் ஆட்கள் பதினொரு பேர். உளி தன் பெட்டியோடு இறங்கியபோது அவருக்குப் போக வேறு இடமில்லை.

மகளிடம் விமானத்தில் ஒன்றரை நாளில் போய்ச் சேர்ந்தார். தனி அறை கொடுத்தாள். இயந்திரச் சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும், ஒரு பழைய மின்விசிறியைக் கட்டிலருகே வைத்து ஓடவிட்டாள்.

“இப்ப தூக்கம் வருதாப்பா?”

“நல்லா வருதும்மா” என்றார். வரவில்லை.