மூக்கு மட்டத்தில் தொங்கிய தங்கம்

1900 பிறப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, கோலார் தங்க வயலில் கல் அரைக்கும் மில் ஒன்றை ஒட்டிய ஆபீஸில் எனக்குத் தராசு வேலை. சுரங்கத்துக் கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று நிறுத்துச் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தத் தராசு ஒரு தலைமயிரை வைத்தால்கூடத் தாழும். அதைத் தொட எனக்கும் என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரைக்கும் மட்டுமே அனுமதி என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். போதாததற்கு மாதா கோயில் மதுவிலக்குச் சங்கத்திலும் சேர்ந்திருந்தேன். ஊரில் யார் தள்ளாடினாலும் முதலில் என் கண்ணில்தான் படும்.

கம்பெனி கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் மில்லின் பாதரச ரூமில் வேலை பார்த்தார். வட ஆற்காட்டுக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். அரைத்த கல்மாவு பாதரசம் பூசிய தகடுகளின் மேல் ஓடும்போது, தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். அதை வழித்தெடுத்துத் துணியில் பிழிவது அவர் பாடு. அந்த வருஷம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஈறு வீங்கியது, எச்சில் ஒழுகியது, சின்னப் பேச்சுக்கெல்லாம் எரிந்து விழுந்தார். இந்த ஆளுக்கு என்ன என்று துரை என்னைக் கேட்டபோது, "குடிதான் தொரை" என்று கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியோடு அவர் சீட்டைக் கிழிப்பது என்று முடிவாயிற்று. வேலை போனால் லைன் வீடும் போகும்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தேன். என் மனைவி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பேசறீங்க நீங்க? நடுவுல ஒரு சுவருதான். அவரு இருமுனா இங்க கேக்குது. அந்த ஊட்லேர்ந்து ஒரு நாளாவது சாராய வாசனை வந்துக்குதா? வாய மோந்து பாத்துட்டுத்தான் சொன்னீங்களா?"

மோந்து பார்க்கவில்லை. அப்போதுதான் பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. ஆபீஸ் அலமாரியில் பாதரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த தங்கத் துண்டு ஒன்று வெளுத்துப்போய், அழுக்குக் கையால் தொட்டேன் என்று துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். நான் அதைத் தொடவே இல்லை. அப்படியானால் பாதரசம்தான் காற்றோடு எழுந்து போய் அதைத் தொட்டிருக்க வேண்டும். தங்கத்தைத் தொட்டது மனிதனின் மூச்சுக்குள் மட்டும் போகாதா?

மறுநாள் துரையிடம் போய், நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். ஆவி விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். பாதரசம் கொதித்தால்தான் ஆவியாகும், அந்த ரூமில் அடுப்பே கிடையாதே என்றார். அங்கே தங்கம் வெளுத்து யாராவது பார்த்ததுண்டா என்றும் கேட்டார். எப்படிப் பார்ப்பார்கள்? தங்கம் எடுக்கிற ஊர்தான், ஆனால் திருட்டுப் பயத்தில் மில் வாசலிலேயே கடுக்கன், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுவார்கள். அந்த ரூமின் காற்றுப்பட ஒரு குன்றிமணித் தங்கம்கூட அதுவரை தொங்கியதில்லை.

"நான் தொங்க வுடறேன் தொரை. என் தங்கம்" என்றேன்.

துரை சுவர்க் காலண்டரைப் பார்த்தார். மாதக் கடைசி வரைக்கும் பார்க்கலாம், ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த ஆளோடு நீயும் வெளியே போ என்றார். மாதம் பிறந்து அப்போது ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

என் கல்யாண மோதிரம் விரலில் இறுகிப்போயிருந்தது. மனைவியே சவுக்காரம் போட்டு உருவிக் கொடுத்தாள். பத்தர் அதை உருக்கிச் சுத்தமாக்கி, தாள் மாதிரி தட்டி, நாலு துண்டாக்கினார். நாலையும் நிறுத்து எழுதினேன், துரை கையெழுத்துப் போட்டார். ஒன்றைத் தகடுகளுக்கு மேலே தொங்கவிட்டேன். ஒன்றை, வெயிலில் காயும் தகரச் சுவரோரம், பாதரசத் தொட்டிக்கு மேலே. இன்னொன்றை, அடுத்த வீட்டுக்காரர் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் இடத்தில், அவர் மூக்கு மட்டத்தில். மூன்றுக்கும் கம்பிக் கூண்டு, பூட்டு. நாலாவது துண்டு துரையின் மேஜை டிராயரில். சாவிகள் எல்லாம் அவரிடமே.

பத்து நாள் ஒரு மாற்றமும் இல்லை. தங்கம் மஞ்சளாகவே பளபளத்தது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் அடுத்த வீட்டுக்காரரிடமே போய், உங்களைப் போட்டுக்கொடுத்தவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் தம்பி" என்றார், வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே. "அது வெளுக்கலன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க? புள்ளகுட்டிக்காரராச்சே."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாதக் கடைசியில் துரை தன் கையாலேயே கூண்டுகளைத் திறந்தார். மூன்றும் வெளுத்திருந்தன. தராசில் வைத்தேன். மூன்றிலும் எடை கூடியிருந்தது, சூடான சுவரோரம் தொங்கியதில் எல்லாவற்றையும்விட அதிகம். டிராயரில் இருந்தது முதல் நாள் எடையிலேயே நின்றது. மில் தூசியாக இருக்கும் என்றார் துரை. "அப்போ நெருப்புல வெச்சுப் பாருங்க தொரை" என்றேன். என் குரல் அவ்வளவு உரக்க அந்த ஆபீஸில் அதற்கு முன் கேட்டதில்லை.

உலையில் சிவக்கக் காய்ச்சி எடுத்தோம். வெளுப்பு போய் மஞ்சள் வந்தது. ஆற வைத்து நிறுத்தபோது மூன்றும் முதல் நாள் எடைக்கே திரும்பியிருந்தன. தூசியாக இருந்தால் இப்படிப் போகுமா? துரை இரண்டு தடவை தானே நிறுத்துப் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு பாதரச ரூமுக்கு நடந்தார்.

ஒரு வாரத்தில் அந்த ரூமின் இரண்டு சுவரிலும் பெரிய ஜன்னல்கள் வந்தன. தொட்டிக்கு மூடி வந்தது. உள்ளே கஞ்சி குடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அடுத்த வீட்டுக்காரரை, மரக்கட்டை அடுக்கும் யார்டில் வெளி வேலைக்கு மாற்றினார்கள். நாலைந்து மாதத்தில் கை நடுக்கம் அடங்கி, தன் வீட்டுக் கூரையைத் தானே ஏறி வேய்ந்தார். கீழே நின்று ஓலை எடுத்துக் கொடுத்தது நான்.

இந்தச் சோதனையைப் பற்றி மேலிடத்துக்குப் போன காகிதத்தில் துரையின் பெயர்தான் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். இன்றும் அந்தப் பக்கம் போகும்போது அந்த ஜன்னல்கள் திறந்திருப்பதைப் பார்த்தால் நெஞ்சு தானாக நிமிர்கிறது. ஆனால் யாராவது தள்ளாடி நடந்தால் என் வாய் இப்போது அவசரப்படுவதில்லை, முதலில் பக்கத்தில் போய், உடம்புக்கு என்ன என்றுதான் கேட்கிறது.