மாப்பிள்ளைக்கு நான் எடுத்த பொன்னிறச் சப்பாத்து

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதத்தில் என் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் வீடு ஸ்கந்தபுரத்தில், மாப்பிள்ளை வீடு தர்மபுரத்தில், மண்டபம் கிளிநொச்சி நகரில். நான் அக்காவின் ஒரே தம்பி என்பதால் மாப்பிள்ளைத் தோழன் வேலை எனக்கு. எங்கள் பக்கத்தில் தோழன் என்றால் சும்மா பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரிக்கிறவன் இல்லை. மாப்பிள்ளையை அவர் வீட்டுக்குப் போய் அழைத்து வர வேண்டும். மண்டப வாசலில் எல்லோருக்கும் முன்னால் குனிந்து அவர் கால்களைக் கழுவிவிட வேண்டும். அதற்கு அவர் ஒரு மோதிரம் போட்டுவிடுவார். அந்தக் கால் கழுவுகிற விஷயம்தான், கலியாணம் பேசி முடித்த நாளிலிருந்து என் நித்திரையைக் கெடுத்தது.

ஏனென்றால் அத்தானுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பத்து வயதில், சண்டை முடிகிற மாதங்களில் போனது. எங்கள் பக்கத்தில் இது ஒரு புதினமான விஷயம் இல்லை. செயற்கைக் காலைப் போட்டு, மேலே லோங்ஸ் என்கிற நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, தண்ணீர்ப் பம்பு திருத்துகிற கடை வைத்திருந்தார். நடையைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அக்கா விரும்பித்தான் செய்தாள். அம்மா அப்பாவுக்குச் சம்மதம். எனக்கும் அவரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மாமி ஒருவர் தொலைபேசியில் அம்மாவிடம், "பிள்ளைக்கு வேற இடம் ஒண்டும் சரிவரேல்லையோ" என்று இழுத்ததை நான் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு மண்டைக்குள் ஒரே குடைச்சல். அந்த மாமி கலியாணத்துக்கு வரப்போகிறார், முன்வரிசைக் கதிரையில் இருக்கப்போகிறார், அவர் கண்ணில் ஒன்றும் படக்கூடாது.

லோங்ஸ் போட்ட ஆளுக்கு எந்தச் சப்பாத்தும் பொருந்தும். வேட்டி கட்டினால் கதை வேறு. ஒவ்வொரு எட்டுக்கும் கரை விலகும், காலில் கிடப்பது பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அக்கா, "அத்தானைக் கூட்டிக்கொண்டு போய் வேட்டிக்கு ஏத்த மாதிரி ஒண்டு எடுத்துக் குடு" என்று சொன்னதும் நான் துள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பு, ஒரு மத்தியானம் முழுக்கக் கிளிநொச்சியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அத்தான் செருப்புப் பார்த்த விதம் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. ஒவ்வொரு சோடியையும் கண்ணாடி மேசையில் வைத்து, குனிந்து, பக்கவாட்டில் பார்ப்பார். பிறகு பெருவிரலால் குதியை அமத்துவார். பிறகு வைத்துவிடுவார். கடைக்காரப் பிள்ளை பெட்டிகளைத் திறந்து திறந்து அலுத்துப்போனது.

"குதி இருக்கக் கூடாது தம்பி. பின்னால வார் வேணும்" என்றார்.

"வேட்டிக்கு வார் வச்ச செருப்பு வடிவில்லை அத்தான்."

"வடிவை விடும். மணவறையை மூண்டு தரமும் ஒருத்தரும் பிடிக்காம நான் சுத்த வேணும். உம்மட அக்காவிட்டச் சொல்லிப்போட்டன்."

நான் தலையாட்டினேன். ஆனால் காதில் விழுந்தது மண்டைக்குள் போகவில்லை. கடைசியில் அவர் எடுத்தது ஒரு பழுப்பு நிறச் செருப்பு. தட்டையாக, பின்னால் ஒட்டுகிற வாரோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மழைக்குப் போடுவது மாதிரி இருந்தது. அதே கடையில் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டிருந்தது. பொன்னிறச் சப்பாத்து, மேலே சரிகை வேலை, முன்பக்கம் முழுக்க மூடியது. விரல் ஒன்றும் வெளியே தெரியாது. மாமி என்ன, மாமியின் கமெராகூடக் கண்டுபிடிக்க முடியாது. குதி ஓர் அங்குலம் இருந்தது. ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அடுத்த நாள் தனியாகப் போய் அதை வாங்கி வந்தேன். முதலே காட்டினால் வேண்டாம் என்பார். கடைசி நேரத்தில் காலடியில் வைத்தால் போடத்தானே வேண்டும் என்று கணக்குப் போட்டேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கலியாண நாள் காலை தர்மபுரத்துக்குப் போனேன். உள்ளே அத்தான் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருந்தார். வாசலில் அவருடைய பழுப்புச் செருப்புத் தயாராகக் கிடந்தது. அதை எடுத்துக் கிணற்றடித் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பொன்னிறச் சப்பாத்தை அந்த இடத்தில் வைத்தேன்.

பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக அத்தான் வெளியே வந்தார். கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மேளம் அடிக்கிறது, வீடியோக்காரர் முன்னால் நிற்கிறார், அவருடைய அம்மா பின்னால் கண் கலங்கி நிற்கிறார். அத்தனை பேருக்கு முன்னால் அவர் என்ன சொல்ல முடியும். காலை நுழைத்தார். படியில் இருந்து இறங்கும்போது என் தோளை இறுக்கிப் பிடித்தார். கார் படலைக்குள், முற்றத்திலேயே நின்றது, ஆறேழு எட்டுத்தான் தூரம். வீடியோக்காரர், "அப்பிடியே தோளில கை போட்டபடி நில்லுங்கோ, நல்லா இருக்கு" என்றார். அத்தானுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

கார் பரந்தன் வீதியில் ஏறியதும் அவர் சப்பாத்தைக் கழற்றினார். நெற்றி முழுக்க வேர்த்திருந்தது.

"தம்பி, இதோட என்னால நடக்கேலாது."

நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் சத்தம் போடவில்லை. பம்பு திருத்துவதைச் சொல்லித் தருகிற மாதிரி சொன்னார். "உம்மட கால் குதிக்கு ஏத்த மாதிரித் தன்ரபாட்டில மடங்கும். இது மடங்காது. குதி ஏறினா ஆளை அப்பிடியே முன்னுக்குத் தள்ளும். மணவறையில வெறுங்காலோட நிக்க வேணுமெண்டு, கால் செய்யிற இடத்தில போய் வெறுங்காலுக்குச் சமன் வச்சுக்கொண்டு வந்தனான். மூண்டு கிழமையா வீட்டில வேட்டி கட்டி நடந்து பழகினனான். அதுதான் தட்டையாத் தேடினது."

அந்த மத்தியானம் முழுக்க அவர் ஏன் ஒவ்வொரு குதியையும் அமத்திப் பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. நான் அதை வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

"பழைய செருப்பு எங்க?" என்று கேட்டார். சொன்னேன். திரும்பிப் போக நேரம் இல்லை. முகூர்த்தம் நெருங்கியிருந்தது. ஐயர் ஏற்கெனவே அப்பாவின் தொலைபேசியில் இரண்டு தரம் அவசரப்படுத்தியிருந்தார். வீட்டில் நின்ற எல்லோரும் பின்னால் ஒரு வான் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள், வீடு பூட்டியாகிவிட்டது. கடையில் வாங்கலாம் என்றால், அவர் அந்தப் பழுப்புச் செருப்பைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் எடுத்தது. "அப்ப வாசல் மட்டும் வெறுங்காலோட போவமோ" என்று கேட்டேன்.

"மண்டபத்து முற்றம் முழுக்கக் கல்லுப் போட்டிருக்கு. நல்ல காலில கல்லுக் குத்தினா நான் பாரத்தை எங்க விடுறது?"

மணிக்கூட்டைப் பார்த்தேன், வீதியைப் பார்த்தேன், திரும்பவும் மணிக்கூட்டைப் பார்த்தேன். வாசலில் அவர் தடுமாறி விழுவதும், மாமி வாயில் கை வைப்பதும், அக்காவின் முகமும் மாறி மாறி வந்தன. ஒருவரும் பிடிக்காமல் நடப்பேன் என்று அக்காவுக்குச் சொல்லியிருந்த மனிதனை, நாலு பேர் பிடித்துத் தூக்கப்போகிறார்கள். எல்லாம் என்னால். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் வாய் திறந்தார். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் ஒருவர், ஐம்பது வயது இருக்கும். வாடகைக் காரோடு அன்று காலைதான் எங்களுக்கு அறிமுகம். அதுவரை எங்கள் கதை காதில் விழாத மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளைத் தம்பிக்கு எத்தினையாம் நம்பர்?"

"எட்டு" என்றார் அத்தான்.

அவர் ஒரு புளியமரத்தடியில் காரை ஓரம் கட்டினார். குனிந்து தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றி, இரண்டையும் தட்டி மண்ணை உதறி, பின்னால் நீட்டினார். கறுப்புச் செருப்பு, வெயிலில் நரைத்துப்போயிருந்தது. அடி தேய்ந்து பலகை மாதிரித் தட்டையாக இருந்தது. பின்னால் வார்.

"நானும் எட்டுத்தான். வாகனம் ஓடுறவன் பின்வார் இல்லாமப் போடமாட்டான் தம்பி. கழண்டு பிரேக்குக்குக் கீழ போனா முடிஞ்சுது. போட்டுப் பாருங்கோ, வடிவு மட்டும் கேக்காதேங்கோ."

அத்தான் அதை வாங்கி, பக்கவாட்டில் பார்த்து, பெருவிரலால் குதியை அமத்தினார். பிறகு கால்களில் மாட்டி, வாரை இறுக்கி ஒட்டி, கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகை, நெற்றியில் சந்தனம். அந்தக் கோலத்தில் பரந்தன் வீதியோரம் மேலும் கீழும் நடந்தார். ஒரு பேருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று பார்த்தார். பின்னால் வந்த வான் நின்றது. "என்ன, கார் பழுதோ" என்று ஆளுக்காள் கேட்டார்கள். நான் அவருடைய இடது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் போய்த் திரும்பினார். இரண்டாம் தரம் போய்த் திரும்பினார். மூன்றாம் தரம் கொஞ்சம் வேகமாக நடந்தார்.

"காணும், சரியா இருக்கு. போவம்" என்றார்.

மண்டப முற்றத்தில் கார் நின்றதும் நான் முதலில் இறங்கி, பழக்கத்தில் தோளைக் கொடுத்தேன். அவர் தொடவில்லை. கல்லு நிலத்தில் நிதானமாக நடந்து வாசலுக்கு வந்தார். நான் பயந்த மாமி ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். கண் நேராகக் கீழே போனது. "என்ன, மாப்பிள்ளைக்கு இதையோ எடுத்தனீங்கள்" என்று என் காதுக்குள் கேட்டார். இரண்டு கிழமையாக நான் பயந்த கேள்வி. ஆனால் அந்த நேரம் அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. "ஓம் மாமி, அதுதான் அவருக்குச் சரி" என்றேன்.

பிறகு கால் கழுவும் நேரம் வந்தது. உண்மையைச் சொன்னால், அதற்கும் நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். வேட்டிக் கரையை இடது காலுக்கு மேல் இழுத்துவிட்டு, வலது காலை மட்டும் கழுவி, சட்டென்று எழும்பிவிடுவது. குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தேன். அத்தான் எல்லா மாப்பிள்ளைகளையும் போலத் தன் கையாலேயே வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தி, இரண்டு கால்களையும் தாம்பாளத்தில் வைத்தார். இடது பாதம் அவருடைய நிறத்தைவிட வெளிறியிருந்தது, விரல்கள் கோடாகத்தான் இருந்தன. எங்களைச் சுற்றிப் பத்து கமெரா. வலது காலில் தண்ணீர் ஊற்றினேன். இடது காலிலும் அதே அளவு ஊற்றினேன், விரலில் இருந்து குதிவரை கையால் தடவிக் கழுவினேன்.

எழும்பப் போனவனுக்கு அப்போதுதான் யோசனை வந்தது. உள்ளே மாபிள் நிலம், இந்தப் பாதம் ஈரத்தோடு வைத்தால் வழுக்கும். தோளில் கிடந்த என் புதுச் சால்வையை எடுத்து அந்தக் காலை ஒற்றினேன். அடிப்பக்கத்தையும் துடைத்தேன். ஐயர், "தம்பி, நேரம் போகுது" என்றார். போகட்டும் என்று இன்னொரு தரம் துடைத்தேன். அத்தான் என் விரலில் மோதிரத்தைப் போடும்போது குனிந்து, "இது நல்ல வேலை" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மூன்று வார்த்தைக்குத் தகுந்த அளவுக்கு நான் எதுவும் செய்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

தாலி கட்டிய பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மணவறையைச் சுற்றினார். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. யாரும் அவரைப் பிடிக்கவில்லை. அம்மி மிதிக்கும்போது வலது முழங்காலை ஊன்றி இருந்து, தானாகவே எழும்பினார். கலியாண வீடியோவில் எல்லோரும் மணமக்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் ஏதோ தொலைத்தவன் மாதிரி நிலத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இப்பவும் வீட்டில் அதைப் போட்டால் எல்லோரும் என்னைப் பகிடி பண்ணுவார்கள்.

கார்க்காரர் அன்று முழுக்க வெறுங்காலோடு நின்றார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் அப்படியே வந்து இருந்து சாப்பிட்டார். சடங்கு முடிந்ததும் அத்தான் அந்தச் செருப்பைத் தன் கையிலேயே கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார். இருவரும் என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. தூரத்தில் நின்று பார்த்தபோது இருவரும் சிரித்தார்கள்.

வேறு செருப்போடு ஏன் வந்தது என்று அக்கா கேட்டதற்கு, "அவசரத்தில மாறிப்போச்சு" என்று மட்டும் அத்தான் சொன்னாராம். இன்றுவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தப் பத்திரிகைப் பக்கத்தை அக்கா தவறாமல் வாசிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், ஏச்சு வாங்க ஆயத்தமாக இருக்கிறேன். அந்த மூன்று சுற்றுக்காக அத்தான் காலையும் செருப்பையும் நிலத்தையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். அன்று அவரை விழுத்தியிருக்கக்கூடிய ஒரே ஆள், அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற நான்தான் என்பது இன்றைக்கும் என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை.