அக்கா மார்க் சோடா

என் தங்கை சோடா வண்டிக்காரனோடு போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அப்பா அன்றைக்கே தலை முழுகினார். அவள் துணிமணிகளை அம்மா மூட்டையாகக் கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டாள். அவள் பேச்சை எடுத்தால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார் என்பதால் யாரும் எடுப்பதில்லை. அவளால்தான் எனக்கு வரன் அமையவில்லை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். என் வாய்க்கு வரன் அமையாததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் பழி போட, வீட்டில் இல்லாதவள்தான் வசதி.

1991-ல் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் கிராம சுகாதார நர்ஸ். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பாதி பஸ்ஸிலும் பாதி நடையுமாகப் போய்வருவேன். ஒருநாள் வெயில் தாங்காமல் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் கோலி சோடா வாங்கினேன். குடிக்கும்போது பாட்டிலின் வயிற்றில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தால் கண்ணாடியிலேயே புடைப்பாக எழுத்து. ‘அக்கா’ என்று இருந்தது. ஊர் இல்லை, கம்பெனி பெயர் இல்லை, படம்கூட இல்லை.

சோடாவுக்குச் சாமி பெயர் வைப்பார்கள், மயில் வைப்பார்கள், கிளி வைப்பார்கள். அக்கா என்று யார் வைப்பார்கள்? என் தங்கை ஒரு நாளைக்கு நூறு ‘அக்கா’ போடுகிறவள். தலை பின்ன அக்கா, இருட்டில் கொல்லைப்பக்கம் போக அக்கா, சண்டை போடவும் அதே அக்கா. அவனுக்குத் தெரிந்த தொழில் சோடா. சொந்தமாக ஆரம்பித்திருப்பான், அவள் பெயர் வைத்திருப்பாள். வீட்டுப் படி ஏற முடியாதவள் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று எனக்கு அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது. பஸ்ஸை விட்டுவிட்டு நின்று அழுதேன். கேஸ் தலைக்கு ஏறிவிட்டதா என்று கடைக்காரர் கேட்டார்.

பாட்டில் எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் விசாரித்தேன். மார்க்குக்கும் உள்ளே இருக்கும் சோடாவுக்கும் சம்பந்தமில்லை என்றார். அக்கா கம்பெனியை மூடி வருடக்கணக்காகிறதாம். அதன் பாட்டில்கள் கைமாறிக் கைமாறி, இப்போது யார் யாரோ அடைத்து விற்கிறார்களாம். கம்பெனி எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் எங்கள் ஊர் பெயரை உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. கோடைக்குப் பிறகு திரும்பின பக்கமெல்லாம் போலீஸ். யாராவது வந்து யாரையாவது பற்றி விசாரித்தால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு பெண்ணைத் தேடுகிறேன் என்று சொன்னால் வம்பு. பழைய பாட்டில் சேர்க்கிறேன் என்றால் நர்ஸம்மாவுக்குக் கிறுக்கு என்று சிரித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அப்படித்தான் நான் பாட்டில் சேர்க்கிறவள் ஆனேன்.

கொஞ்ச நாளில் கட்டிலுக்கு அடியில் இடம் போதவில்லை. மெட்ராஸ் போகும்போதெல்லாம் பாரிமுனை, சைதாப்பேட்டை என்று பெட்டிக்கடை பெட்டிக்கடையாகப் பார்த்தேன். அங்கே ஒன்றுகூட இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு காயலான் கடைக்காரர் எழுத்துப் போட்ட சோடா பாட்டில்களைத் தனியாக எடுத்து வைப்பார். ஷோகேஸில் வைக்க மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்து வாங்கிப் போவார்களாம். அவர்தான் எனக்கு வழி சொன்னவர்.

“சோடா பாட்டிலு ரொம்ப தூரம் போவாதும்மா. காலி பாட்டிலு திரும்பி வர்ணும்ல. ஒடஞ்சது எங்க ஜாஸ்தி கீதோ, அதான் அதோட ஊரு.”

அதன்பிறகு கடைகளை விட்டுவிட்டு மதில்களைப் பார்க்க ஆரம்பித்தேன். திருடன் ஏறாமல் இருக்க மதில் மேல் கண்ணாடித் துண்டு பதிப்பார்களே, அது ஒரகடத்தைத் தாண்டத் தாண்ட, தடித்த பச்சைக் கண்ணாடியாக மாறிக்கொண்டே வந்தது. வடக்குப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் ஊசி போடப் போனபோது, அழுகிற பிள்ளைகள் ஒவ்வொன்றின் கையிலும் ஒரு சோடா கோலி இருந்தது. எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு பெண் குழந்தையைக் கேட்டேன். சோடாக்கார வூட்டுக் குப்பையில் நிறைய கிடக்கும் என்றாள். மீதிப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு முடிப்பதற்குள் எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அந்தக் குழந்தைதான் வழி காட்டினாள். தங்கையைப் பார்த்ததும் முதலில் கன்னத்தில் ஒன்று விட வேண்டும், அப்புறம்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். பையில் ஒரு பாட்டில் வைத்திருந்தேன். ஓட்டு வீடு. மதில் முழுக்கப் பச்சைத் துண்டுகள். ஒன்றில் ‘க்கா’ மட்டும் நின்றிருந்தது. அக்கா பாட்டிலோடு ஒரு நர்ஸம்மா வந்திருப்பதாகக் குழந்தை முன்னால் ஓடிச் சொல்லிவிட்டாள்.

அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே வேகமாக வெளியே வந்தது அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள். என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு, என்னை விட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

“அவன் அனுப்சானா?”

யார் என்று கேட்டேன். தம்பியாம். தாயில்லாத பிள்ளை, இவர் வளர்த்தது. ஏதோ வாய்த்தகராறில் ஒருநாள் கோபித்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. சோடா மிஷின் போட்டபோது பாட்டிலில் என்ன மார்க் போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். லாரிக்காரர்கள் குடிக்கிற சோடா, நாலு ஊருக்கும் போகும், எங்கேயாவது அவன் கையில் கிடைக்கும் என்று இவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

“ரெண்டாங் கிளாஸோட நின்னுட்டான். அவனுக்குப் படிக்க வர்ற எழுத்தா போடச் சொன்னேன். ஊரு எதுக்கு? ஊருதான் அவனுக்குத் தெரியுமே.”

இருந்தாலும் கேட்டேன். என் தங்கையின் நிறம், உயரம், நெற்றித் தழும்பு எல்லாம் சொல்லிக் கேட்டேன். அப்படி யாரும் இங்கே வந்ததே இல்லை என்றார்.

பதினைந்து வருடமாக அவள் எனக்குப் போனவள்தான். இந்தச் சில மாதங்கள்தான் எங்கேயோ உயிரோடு, என் நினைப்போடு, ஒரு பஸ் தூரத்தில் இருந்தாள். அந்த வாசலில் அவள் மறுபடியும் போனாள். இந்தத் தடவை தலை முழுக அப்பாவும் இல்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“நீ நாலு ஊரு போறவ. மெட்ராஸ்ல கீதா, இந்த பாட்டிலு?”

சுங்குவார்சத்திரத்தைத் தாண்டி ஒரு பாட்டில்கூடப் போகவில்லை என்பது இந்த உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எனக்குக் கிடைத்த அந்தச் சில மாதங்கள் மாதிரி இவருக்கும் கிடைக்கட்டுமே என்று தோன்றியது.

“கீதும்மா. எல்லாக் கடையிலயும் கீது.”

அவர் முந்தானையால் அந்த எழுத்தை நிதானமாகத் துடைத்தார். பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

“அப்ப அவன் பாத்துக்கினுதான் கீறான்,” என்றார். “வர்றதுக்குத்தான் மனசு இல்ல.”