கட்டரில் சுற்றிய தகடு

டம்ளரோ தூக்குவாளியோ, எதைக் கையில் எடுத்தாலும் அவர் முதலில் அதன் வாய்க்குள் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். கல்யாணமான புதிதில் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. பிறகு அது கண்ணில் படுவதே நின்றுபோயிற்று.

"டம்ளர்ங்க அது. காலெட் இல்ல."

"தெரியுது. கை கேக்கமாட்டேங்குதே."

மில்லிங் மெஷினில் சுழலும் கட்டரைக் கவ்விப் பிடிக்கிற எஃகு வளையம்தான் காலெட். உள்வாய் தேய்ந்தாலும் அளவு பிசகினாலும் கட்டர் நழுவி உடையும். அவர் விரல் விட்டுப் பார்க்காத காலெட்டைப் பட்டறையில் யாரும் மாட்டமாட்டார்கள். மனைவியின் தம்பியையும் அங்கேயே சேர்த்துவிட்டிருந்தார். அவனுக்கு அடுத்த மெஷின். வாய் சும்மா இருக்காது.

"குழியில இறக்கினாக்கூட விரல விட்டு அளவு பாத்துட்டுத்தான் படுப்பீங்க மாமா."

ஒரு நாள் அவர் மெஷினில் கட்டர் உடைந்து, துண்டு தெறித்துத் தம்பியின் இடது கண் போயிற்று. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மெஷின் பக்கம் வந்தது அவன் தப்பு என்று மேஸ்திரி தீர்த்துவிட்டார். இவர் மறுக்கவில்லை. தம்பிக்கு வேலையும் போயிற்று.

அந்த வாரம் துணி துவைக்கையில் அவர் சட்டைப்பையிலிருந்து கசங்கிய பித்தளைத் தகடு ஒன்று மனைவியின் கையில் வந்தது. என்னவென்று கேட்டாள். சொல்லிவிட்டார். சரியான காலெட் சாமான் அறையில் இருந்தது. சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். ஒரே ஒரு பீஸ்தானே என்று, மெஷினில் இருந்த பெரிய காலெட்டில் நிற்பதற்காகக் கட்டரின் காம்பில் தகட்டைச் சுற்றி இறுக்கிவிட்டார். வேறொருவன் அப்படிச் செய்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார். தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிய கலவரத்தில் தகட்டை உருவிப் பைக்குள் போட்டதும் அவர்தான்.

"அவன்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்."

தம்பி ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனான். "ஒத்தக் கண்ணுதானேக்கா, பாதித் தூக்கம் போதும்" என்று சிரிப்பான். ஆனால் சில வருஷம் கழித்துப் பிறந்த அக்காவின் பேத்தியைத் தூக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். "வேண்டாம்க்கா. எனக்குக் கவனம் பத்தாது. அதான் பாத்தியே."

அவன் வரும்போதெல்லாம் இவர், "மாப்ளே, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பார். மனைவி அடுப்படியில் கைவேலையை நிறுத்திவிட்டு நிற்பாள். அவன் ஒற்றைக் கண்ணால் நிமிர்ந்து பார்ப்பான். "சாப்பிட்டியா?" என்பார்.

கடைசியில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அவனை வரச் சொன்னதும் அவர்தான். வந்து குனிந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்டியா?" என்றார். அன்றைக்கே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்ததும் தம்பி கேட்டான். "மாமா என்னமோ சொல்ல வந்தாருக்கா. எப்பவுமே. என்ன அது?"

தகடு அலமாரியில், ஊசிநூல் டப்பாவுக்குள் இருந்தது. அவள் எழுந்து அலமாரி வரை போனாள். கதவைத் திறக்கவில்லை. மடியில் ஏற வந்த குழந்தையைத் தம்பி மெதுவாக விலக்கிவிட்டான்.