மொண்டெல்லோவில் ஒரு வைத்தியர்

செவ்வாய், காலை பத்து மணி. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்தில் நான் வந்து இறங்கினேன், பெட்டி வரவில்லை. விமானம் மாறிய ரோமிலேயே தங்கிவிட்டதாம். கூட்டிப்போக வந்திருந்த தங்கை ரதியிடம் சொன்னபோது அவள் முகம் செத்துவிட்டது. பனங்கட்டி போய்விட்டதே என்று அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து அவளுக்கு நான் கொண்டுவந்த வலிப்பு நோய்க்கான குளிசைகள் அதற்குள்தான் இருந்தன.

"கையிலை எத்தினை நாளுக்கு இருக்கு?"

"நாளைக்கு மட்டும்."

பிற்பகல், ஒரேத்தோ பகுதியில் அவள் வீடு. இத்தாலியில் வதிவிட அனுமதி உள்ளவர்கள் ஒரு குடும்ப வைத்தியரிடம் பதிந்துகொள்ளலாம். அவர் காசு வாங்காமல் பார்த்து மருந்து எழுதித் தருவார். இவளோ இத்தனை வருடமும் ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டிகளை நம்பி இருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது.

"ஏன் பதியேல்லை?"

"எங்கடை ஆக்கள் எல்லாரும் ஒரே டொத்தோரிட்டைத்தான் அண்ணை போறவை. அவர் தங்கமான மனிசன். ஆனா அங்கை போய்க் குந்தினா முழுக்கத் தெரிஞ்ச முகம். பின்னேரமே கோயிலிலை கதை வந்திடும். மகளுக்கு இஞ்சை ஒரு இடத்திலை கலியாணப் பேச்சு நடக்குது. தாய்க்கு வலிப்பெண்டா மகளை ஆர் எடுப்பினம்?"

"வேறை டொத்தோர் இல்லையோ?"

"இருக்கினம். தனியப் போக மனமில்லை. நீங்கள் வாறியளெண்டா போவம்."

புதன் காலை பதிவு அலுவலகத்துக்குப் போனோம். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைக் காட்டி, மொண்டெல்லோவில் இருக்கிற ஒரு வைத்தியரைத் தேர்ந்தெடுத்தாள். கடற்கரைப் பக்கம்; நம்மவர்கள் அங்கே வேலைக்குப் போவார்களே தவிர வைத்தியம் பார்க்கப் போகமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. பத்துக் கிலோமீற்றருக்கு மேல். பஸ் நிறையத் துவாயும் குடையுமாகக் குளிக்கப் போகிறவர்கள். நல்ல உடுப்பில் இறுகிப்போய் நின்றவள் ரதி மட்டும்தான்.

வைத்தியரின் காத்திருக்கும் அறையில் மூன்று இத்தாலியக் கிழவர்கள் இருந்தார்கள். மூலையில் ஒரு தமிழ் அம்மா. ரதி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாப்பிள்ளையின்ரை தாய்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

திரும்பி ஓடிவிடுவாள் என்றே நினைத்தேன். அந்த அம்மாவும் எங்களைக் கண்டு வெலவெலத்துப் போனார். பிறகு அவர்தான் முதலில் அசைந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வாங்கோ ரதி, இருங்கோ. நான் கனகாலமா இவரிட்டைத்தான் வாறன். இஞ்சை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம்."

ரதி போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.